விண்வெளிக்கு ஆளை அனுப்புவதா, கருவியை அனுப்புவதா? பொதுப்பணத்தை எங்கே போடுவது?

மண்ணுக்குள் இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட வேண்டும். வெப்பமானிகள் பொருத்திய குழாயை அதற்குள் இறக்கி, தரைக்கு அடியிலிருந்து எவ்வளவு சூடு மேலே கசிகிறது என்று அளக்க வேண்டும். இந்த வேலையை நிலவில் மனிதர்கள் செய்தார்கள். செவ்வாயில் ஒரு கருவி செய்யப் பார்த்தது. விண்வெளிக்கு ஆள் அனுப்பப் பொதுப்பணத்தைச் செலவழிக்கலாமா என்ற வாதத்தில் எது உண்மை, எது மிகை என்பது இந்தத் துளைகளிலேயே பாதி தெரிந்துவிடும்.

1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட் துளைக்கத் தொடங்கியபோது தண்டு பாதியிலேயே இறுகிக்கொண்டது. தண்டின் வெளிப்புறம் ஓடும் திருகுப் பள்ளங்கள் மூட்டு வரும் இடங்களில் ஆழம் குறைந்திருந்தன. தோண்டிய தூள் மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே அடைத்துக்கொண்டது. முதல் துளை சுமார் 1.6 மீட்டரோடு நின்றுபோனது. மூட்டின் வடிவத்தை மாற்றி, ஒன்பது மாதத்தில் அப்போலோ 16-ல் மறுபடி கொண்டுபோனார்கள். தண்டு சுலபமாக இறங்கியது. ஆனால் ஜான் யங்கின் காலில் கேபிள் சிக்கி அறுந்துவிட்டது; அந்தச் சோதனை அதோடு போயிற்று. மார்பில் பெட்டி கட்டிய அந்த உடையோடு குனிந்து தன் காலடியைப் பார்ப்பது கடினம். 1972 டிசம்பரில் அப்போலோ 17-ல் இரண்டு துளைகளும் சரியாக அமைந்தன. அளவுகள் 1977 வரை பூமிக்கு வந்துகொண்டிருந்தன.

அமெரிக்காவின் இன்சைட் என்ற ஆளில்லாக் கலம் 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கியது. அதில் இருந்த 40 செ.மீ நீளக் கருவி, உள்ளே இருக்கும் சுத்தியலால் தன்னைத்தானே அடித்து அடித்து 5 மீட்டர் ஆழம் போக வேண்டும். பக்கவாட்டில் தளர்ந்த மணல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கில் வடிவமைத்திருந்தார்கள். இறங்கிய இடத்திலோ மண் கட்டிதட்டிக் கிடந்தது. அடிக்க அடிக்கக் கருவியைச் சுற்றிக் குழி அகன்றதே தவிர, பிடிப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கருவி எம்பி அதே இடத்தில் நின்றது. ரோபோ கையின் கரண்டியால் பக்கத்திலிருந்து அழுத்தினார்கள், பிறகு தலையிலும் அழுத்திப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்த முயற்சியை 2021 ஜனவரியில் கைவிட்டபோது, கருவியின் தலை தரைக்கு 2, 3 செ.மீ கீழே போயிருந்தது. மண்வெட்டியோடு ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால் அது சில நிமிட வேலை.

ஆனால் அந்த ஆளை அங்கே நிறுத்த என்ன செலவாகும்? இன்சைட் திட்டத்துக்கு அமெரிக்கா செலவிட்டது 80 கோடி டாலருக்குச் சற்று மேல். அப்போலோவின் மொத்தச் செலவு அந்தக் காலப் பணத்தில் சுமார் 2,580 கோடி டாலர். இன்றைய மதிப்பில் அது 25,000 கோடி டாலரைத் தாண்டும். ஆறு தரையிறக்கங்களிலும் வீரர்கள் நிலவின் தரையில் இறங்கி வேலை செய்த நேரம் மொத்தம் சுமார் 80 மணி. இருவர் இருவராகப் போனதால் 160 ஆள்-மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு ஆள்-மணிக்கு அன்றைய பணத்தில் 16 கோடி டாலர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பாதிக் கதைதான். மீதியை நிலவுப் பகுதியில் பார்ப்போம்.

ஆள் போனால் ஏன் இவ்வளவு செலவு

கருவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம். ஆளைத் திரும்ப அழைத்து வந்தாக வேண்டும். 2,900 டன் எடையோடு கிளம்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டில் கடைசியாகக் கடலில் வந்து விழுந்தது ஐந்தரை டன் கூண்டு மட்டும். திரும்பி வருவதற்கான எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும்.

அடுத்து சாப்பாடும் மூச்சும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.84 கிலோ ஆக்சிஜன், உறையோடு சேர்த்துச் சுமார் 1.8 கிலோ உணவு. நான்கு பேர் செவ்வாய்க்கு 900 நாள் போய்வந்தால் ஆக்சிஜன் மட்டும் 3 டன், உணவு 6.5 டன். தண்ணீர் இதில் சேரவில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு விளிம்பு. ஆளில்லாத ராக்கெட்டின் கட்டமைப்பு, எதிர்பார்க்கும் சுமையைப்போல் 1.25 மடங்கு தாங்கினால் போதும் என்பது வழக்கம்; ஆள் ஏறினால் 1.4 மடங்கு. அதற்குமேல் தப்பிக்கும் ராக்கெட், இரட்டை மும்மடங்கு மாற்று அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை. 2024 ஜூனில் போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் இரண்டு பேரோடு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ஹீலியம் கசிந்தது, திசைதிருப்பும் உந்திகளில் ஐந்து வழியிலேயே நின்றுபோயின. செப்டம்பரில் அந்தக் கலம் ஆளில்லாமல் கிளம்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது. சரக்குக் கலமாக இருந்திருந்தால் அந்தப் பயணத்தை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். ஆள் போன கலம் என்பதால் அப்படி விட முடியாது. இருவரும் 2025 மார்ச் வரை நிலையத்திலேயே தங்கி, வேறு கலத்தில் திரும்பினார்கள். ஒரே கோளாறு, செலவு மட்டும் வேறு.

முதல் வழி: கருவிகள் மட்டும்

சனிக்கோளின் வளையங்களுக்கும் புளூட்டோவுக்கும் ஆளை அனுப்புவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெள்ளியின் தரை 460 டிகிரி செல்சியஸ். 1982-ல் அங்கே இறங்கிய வெனேரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம். சூரியக் குடும்பத்தில் பெரும்பாலான இடங்களுக்குக் கருவி ஒன்றுதான் வழி. அங்கே ஒப்பிட எதுவும் இல்லை.

ஒப்பீடு அவசியப்படுவது நிலவிலும் செவ்வாயிலும், பூமியை ஒட்டிய சுற்றுப்பாதையிலும். செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் 90 நாள் வேலைக்கென்று போய் 2004 முதல் 2018 வரை உழைத்து 45 கி.மீ ஓடியது. அப்போலோ 17-ன் இருவரும் மூன்றே நாளில் ஓட்டியது ஏறக்குறைய 36 கி.மீ. வேகத்தில் போட்டியே இல்லை. ஆனால் ஆப்பர்ச்சுனிட்டிக்கும் அதன் இரட்டையான ஸ்பிரிட்டுக்கும் சேர்த்து முதல் கட்டப் பணிக்கு ஆனது 82 கோடி டாலர் அளவில்தான். கருவிக்குப் பசிக்காது, வீட்டுக்குத் திரும்ப அவசரமும் கிடையாது. அந்தப் பொறுமைக்கே பெரிய மதிப்பு உண்டு.

மண் மாதிரியிலும் இதே கதைதான். அப்போலோ கொண்டுவந்தது 382 கிலோ. சோவியத் லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது சுமார் 300 கிராம். சீனாவின் சாங்'இ 5 2020-ல் 1,731 கிராமும், சாங்'இ 6 2024-ல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் கொண்டுவந்தன. எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. மறுபக்கத்தின் இரண்டு கிலோவில் இருக்கும் செய்தி, இந்தப் பக்கத்தின் 382 கிலோவில் கிடைக்காது. அதே சமயம், லூனா இறங்கிய இடத்தில் கைக்கு எட்டியதை அள்ளியது. அப்போலோ 17-ல் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட், ஷார்ட்டி பள்ளத்தின் ஓரத்தில் காலால் கிளறிய சாம்பல் மண்ணுக்கு அடியில் ஆரஞ்சு நிறம் தெரிவதைக் கண்டு அங்கேயே பள்ளம் தோண்டினார். பழைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை. எதை எடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கும் கண்ணுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

கருவி என்றாலே மலிவு என்று நினைத்துவிடவும் கூடாது. பெர்சிவரன்ஸ் ரோவர் குழாய்களில் அடைத்து வைத்திருக்கும் செவ்வாய் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 800 முதல் 1,100 கோடி டாலர் ஆகும் என்று 2023-ல் தனி ஆய்வுக் குழு கணக்கிட்டது. போய், எடுத்து, திரும்பவும் கிளம்பி வர வேண்டும் என்று வந்துவிட்டால் கருவிக்கும் செலவு எகிறத்தான் செய்யும்.

இரண்டாவது வழி: பூமியைச் சுற்றும் நிலையம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து ஆள் இல்லாத நாளே இல்லை. இதற்கு நாசா மட்டும் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்குக் குறையாமல் செலவிடுகிறது. ஒரு நாளைக்கு 80 லட்சம் டாலருக்கு மேல். ஒரு வீரரின் நாளில் தூக்கத்துக்கு எட்டு மணிக்கு மேல், எலும்பும் தசையும் கரையாமல் இருக்க உடற்பயிற்சிக்கு இரண்டு மணிக்கு மேல் போகும். பிறகு பராமரிப்பு. எஞ்சியதுதான் ஆராய்ச்சிக்கு. படிகம் வளர்ப்பது, சுடர் எரிவதைப் பார்ப்பது போன்ற சோதனைகளை மட்டும் நியாயமாகக் காட்டி இந்தப் பணத்தைக் கேட்டால் கணக்கு நேராகாது.

நிலையத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் நன்றாக ஓடியது 2009-ல் மேலே பழுதாகி நின்றது. காரணம், எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் இறங்குகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்து, காய்ச்சி வடிக்கும் பகுதியை அடைத்துவிட்டது. தரையில் சோதித்தபோது பயன்படுத்திய சிறுநீரில் அவ்வளவு கால்சியம் இல்லை. மீட்கும் அளவைக் குறைத்து ஓட்டிச் சமாளித்தார்கள். பிற்பாடு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். 2023-ல் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. செவ்வாய் போகும் வழியில் முதல்முறையாக இது தெரிந்திருந்தால் நான்கு பேர் தாகத்தில் செத்திருப்பார்கள்.

ஆக்சிஜன் மீட்பு இன்னும் பாதி அளவில்தான் நிற்கிறது. கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து நீரை எடுக்கும்போது மீத்தேனும் உண்டாகிறது. அதை வெளியே விடும்போது ஹைட்ரஜனும் கூடவே போய்விடுகிறது. இந்த மாதிரி வேலைக்காகத்தான் நிலையம் வேண்டும். அதற்கு 420 டன் மாளிகை தேவையா என்பது வேறு கேள்வி. இப்போதுள்ள நிலையம் 2030 வாக்கில் ஓய்வுபெறுகிறது. அடுத்ததை அரசே கட்டாமல், தனியார் கட்டும் சிறிய நிலையத்தில் தேவையான அளவு இடத்தையும் நாளையும் வாடகைக்கு எடுப்பதே தகுந்த வழி என்பது எங்கள் கணிப்பு.

சுற்றுப்பாதையில் பழுதுபார்ப்புக்கு ஹப்பிள் தொலைநோக்கியை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1990-ல் ஏவியபின் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டது தெரியவந்தது. 1993 டிசம்பரில் ஐந்து விண்நடைகளில் சரிசெய்தார்கள். 2009 வரை மொத்தம் ஐந்து முறை ஆள் போய்க் கவனித்தார்கள். அருமையான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் போய்வந்த விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) மொத்தச் செலவை அதன் 135 பயணங்களால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வருகிறது. ஐந்து பயணங்களின் பணத்தில் புதிய தொலைநோக்கிகளையே ஏவியிருக்கலாம் என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இப்போது ஆளில்லாத சேவைக் கலங்களும் வந்துவிட்டன: 2020-ல் எம்இவி-1 என்ற கலம் இன்டெல்சாட் 901 செயற்கைக்கோளோடு இணைந்து அதன் ஆயுளை நீட்டித்தது. சுற்றுப்பாதைப் பழுதுக்கு ஆள் என்ற வாதம் ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிறது.

மூன்றாவது வழி: நிலவுக்குத் திரும்புவது

இப்போது அந்த 16 கோடி டாலருக்கு வருவோம். முதல் மூன்று தரையிறக்கங்களில் வெளியே வேலை செய்தது மொத்தம் 20 மணிக்கும் குறைவு. கடைசி மூன்றில் 60 மணி. அப்போலோ 17-க்கு மட்டும் ஆன செலவு சுமார் 45 கோடி டாலர், வெளியே 44 ஆள்-மணி. அதாவது ஒரு ஆள்-மணி ஒரு கோடி டாலருக்கு வந்துவிட்டது. பெரும்பணம் ராக்கெட்டையும் தொழிற்சாலையையும் உருவாக்குவதில் போய்விட்டது. கூடுதலாக ஒரு பயணத்துக்கு ஆவது அதில் சிறு பங்கு.

அந்தக் கட்டத்தில்தான் திட்டத்தை வெட்டினார்கள். 1970 செப்டம்பரில் இரண்டு பயணங்களை ரத்துசெய்ததில் மிச்சமானது சுமார் 4.2 கோடி டாலர். பறக்கத் தயாரான ராக்கெட்டின் பாகங்கள் இன்று காட்சிப்பொருளாகக் கிடக்கின்றன. விலை முழுவதையும் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டுவந்தது போன்ற முடிவு அது. எண்ணிப் பார்த்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

இதிலிருந்து வரும் பாடம் நேரடியானது. நிலவுக்கு ஆள் அனுப்புவதானால் பலமுறை, வாரக்கணக்கில் தங்கும்படி அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று பயணங்களோடு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே கூடாது. நிலவுக்குத் திரும்ப நாசா வகுத்த ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களுக்குத் தலா 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தணிக்கை அலுவலகம் 2022-ல் சொன்னது. ஒவ்வொரு முறையும் ராக்கெட் முழுவதும் வீணாகிற ஏற்பாட்டில், ஆண்டுக்கு ஒன்று அனுப்பவே திணற வேண்டியிருக்கும். அப்படியானால் தங்கும் நாள் கூடாது, ஆள்-மணியின் விலையும் இறங்காது. திரும்பப் பயன்படும் ராக்கெட்டுகளும் எரிபொருள் நிரப்பும் முறையும் வேலைசெய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதுவரை பணத்தைப் பறப்பதற்குக் கொட்டாமல் அந்த முறைகளுக்குப் போடலாம்.

நிலவுக்குச் சாதகமான இன்னொன்று தூரம். ரேடியோ அலை போய்ச்சேர 1.3 விநாடிதான். பூமியில் இருந்தபடியே ரோவரை ஓட்ட முடியும். 1973-லேயே சோவியத் ரோவர் லூனகோட் 2 அப்படி 39 கி.மீ ஓடியது. ஆகவே நிலவில் சாதாரண வேலைக்கு ஆள் வேண்டாம். ஆழமாகத் துளைப்பது, பல வகைப் பாறைகளில் தேர்ந்தெடுப்பது, பெரிய கருவியைப் பொருத்திச் சிக்கலை அவிழ்ப்பது ஆகியவற்றுக்கு ஆள். ஆள் வராத மாதங்களில் அதே கருவிகள் தொடர்ந்து ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் நிலவுப் பயணத்துக்குப் பொதுப்பணம் தகும் என்றே சொல்வோம்.

நான்காவது வழி: செவ்வாயில் ஆள்

சமிக்ஞை போக 3 முதல் 22 நிமிடம் ஆவதால் தூரத்திலிருந்து ஓட்ட முடியாது. ஆள் இருந்தால் பெரிய லாபம் கிடைப்பது இங்கேதான். விலை உச்சத்தில் இருப்பதும் இங்கேதான்.

கியூரியாசிட்டி ரோவர் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளைக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). போக வர 360 நாள் என்று வைத்தால் 650. தரையில் நாளைக்குச் சுமார் 0.65 வீதம் 500 நாளில் 325. மொத்தம் 975 மில்லிசீவர்ட். நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் உச்சவரம்பு 600. அண்டக் கதிர்களை மெல்லிய உலோகச் சுவர் தடுக்காது. கனமான கவசம் வைத்தால் எடை கூடும், எடை கூடினால் மேலே சொன்ன எரிபொருள் கணக்கு தொடங்கிவிடும்.

இறங்குவதும் இன்னும் தீராத பிரச்சினை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதுவரை பத்திரமாக இறக்கியதில் மிகக் கனமானது ஒரு டன் ரோவர். ஆள், வீடு, திரும்பும் கலம் என்றால் ஒவ்வொரு முறையும் இருபது டன்னாவது இறங்க வேண்டும். அந்த எடைக்குப் பாராசூட் போதாது. கூடவே மனிதன் போகும் இடத்துக்கெல்லாம் நுண்ணுயிரையும் சுமந்து போகிறான். செவ்வாயில் உயிர் இருந்ததா என்று தேடுகிற வேலையையே அது குழப்பிவிடும்.

விபத்தின் விலை

உயிருக்கு விலை போட முடியாது. அந்த இழப்போடு வேலை நிற்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 135 பயணங்களில் விண்வெளி ஓடம் இரண்டு முறை அழிந்து 14 பேரைப் பலிகொண்டது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்தபின் 32 மாதம் எந்த ஓடமும் பறக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் ஓடத்தில் கிளம்ப வேண்டிய வியாழன் கலமான கலிலியோ, 1989 அக்டோபரில்தான் கிளம்பியது. இடைப்பட்ட காலத்தில் அதை லாரியில் நாட்டின் இரு முனைகளுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். அந்தக் குலுக்கலில் குடை போன்ற பெரிய ஆன்டெனாவின் கம்பிகளில் பூசிய உலர்மசகு தேய்ந்துபோனது என்பதே பிற்பாடு கண்டறிந்த காரணம். 1991-ல் விண்வெளியில் விரிக்கப் பார்த்தபோது ஆன்டெனா பாதியிலேயே சிக்கிக்கொண்டது. மீதித் தரவை எல்லாம் சிறிய ஆன்டெனா வழியாகச் சொட்டுச் சொட்டாக அனுப்ப வேண்டியதாயிற்று. ஆள் இல்லாத கலத்தை ஆள் போகும் வண்டியோடு கட்டிவைத்ததற்குக் கொடுத்த விலை இது. இந்தத் தவறை மறுபடி செய்யவே கூடாது.

எடைபோடக் கூடாத வாதங்கள்

டெஃப்லானும் வெல்க்ரோவும் விண்வெளித் திட்டத்தின் கொடை என்பார்கள். டெஃப்லான் கண்டுபிடிக்கப்பட்டது 1938-ல். வெல்க்ரோவும் விண்பயணத்துக்கு முந்தியதே. உண்மையான கிளைப்பயன்கள் உண்டு. ஆனால் நல்ல வடிகட்டி வேண்டுமென்றால் வடிகட்டிக்கே நேரடியாகப் பணம் கொடுப்பது மலிவு.

எதிர்த்தரப்பில், நிறுத்தினால் அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் என்பார்கள். 1993-ல் அமெரிக்கக் கீழவையில் விண்வெளி நிலையம் ஒரே ஒரு ஓட்டில் பிழைத்தது. அதே ஆண்டு டெக்சாஸில் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் துகள் மோதுவியை, ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவழித்த பிறகு ரத்துசெய்தார்கள். அந்தப் பணம் வேறு இயற்பியல் ஆய்வுக்கு வந்துசேரவில்லை. ஆகவே சரியான ஒப்பீடு விண்வெளித் துறையின் சொந்தப் பட்ஜெட்டுக்குள் இருக்கிறது. நாசாவின் ஆண்டுப் பணம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் பாதிக்கு நெருக்கமாக மனிதப் பயணம் எடுத்துக்கொள்கிறது. கருவிப் பயணங்களும் மற்ற அறிவியலும் சேர்ந்து பெறுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

முடிவெடுப்பவர் கேட்க வேண்டியவை

மனிதப் பயணத்துக்குப் பணம் கேட்டு வரும் எந்தத் திட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது, வெளியே வேலை செய்யும் ஆள்-மணி எவ்வளவு, ஒரு மணிக்கு என்ன விலை, ஐந்தாவது பயணத்தில் அந்த விலை எங்கே வந்து நிற்கும் என்பது. இந்த எண் இல்லாத திட்டத்தைத் திருப்பி அனுப்பலாம். அடுத்து, அதே வேலையைக் கருவி எத்தனை ஆண்டில் முடிக்கும், அந்தத் தாமதத்தால் இழப்பது என்ன. பிறகு, ஒரு விபத்து நடந்து முப்பது மாதம் நின்றால் எந்தெந்தக் கருவிப் பயணங்கள் கூடவே நிற்கும். பதில் பூஜ்யமாக இருக்க வேண்டும். செலவு எகிறினால் அறிவியல் பட்ஜெட்டில் கை வைக்க மாட்டோம் என்ற உறுதி சட்டமாகவே இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

இந்த அளவுகோலில் கருவிப் பயணங்களுக்குத்தான் முதல் பணம். சுற்றுப்பாதையில் சிறிய நிலையத்தில் வாடகை இடம், உயிர்காப்பு அமைப்புகளைச் சோதிக்க மட்டும். நிலவுக்குத் திரும்பத் திரும்பப் போகும் திட்டம் என்றால் சரி. செவ்வாயில் ஆளை இறக்கும் கலத்துக்கு இப்போது ஒரு டாலரும் வேண்டாம். காற்றையும் நீரையும் மீட்கும் அமைப்பு ஒன்றை, மேலே கொண்டுபோன உதிரிப் பாகங்களை மட்டும் வைத்து, பூமியிலிருந்து புதிதாக ஒரு திருகாணியும் அனுப்பாமல் 900 நாள் ஓட்டிக் காட்டட்டும். நிலையத்திலோ நிலவிலோ அது ஓடி முடிந்த மறுநாள் செவ்வாய் லேண்டருக்கான கோப்பைத் திறக்கலாம்.